குறைமாதப் பிரசவம்: ‘தாய் என்ன பிழை விட்டாள்?’ என்ற கேள்வி எங்கே தவறுகிறது

கொழும்பில் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையிலோ டி சொய்சா மகளிர் வைத்தியசாலையிலோ ஒரு குழந்தை 32ஆவது வாரத்தில் பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பார்வையாளர் நேரத்தில் வரும் உறவினர் தாயிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் இருக்கும். பாரம் தூக்கினாயா, ஓட்டோவில் தூரம் போனாயா, பப்பாசி, அன்னாசி ஏதும் சாப்பிட்டாயா, எதையாவது கண்டு பயந்தாயா? கூடவே ஒரு தீர்ப்பும் வரும்: “ஏழாம் மாதப் பிள்ளை என்றால் தங்கும், எட்டாம் மாதப் பிள்ளைதான் தங்காது.”

செய்திகளும் தம் பங்குக்குக் குழப்புகின்றன. லண்டனில் இருக்கும் மச்சாள் தனக்கு 12ஆம் வாரத்திலிருந்தே அஸ்பிரின் தந்தார்கள் என்கிறாள். குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் ஊசியை அமெரிக்காவில் நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு செய்தி. இங்கே வைத்தியர் அதே பெயர்போலத் தெரியும் மருந்தைத்தான் எழுதித் தருகிறார். வெயில் காரணம் என்கிறது ஒரு தலைப்பு, பல் ஈறு காரணம் என்கிறது இன்னொன்று.

‘குறைமாதப் பிரசவம்’ என்பது ஒரு திகதியைக் குறிக்கும் பெயர். அதை ஒரு நோயின் பெயராக எடுத்துக்கொள்ளும்போதுதான் இத்தனை குழப்பமும் தொடங்குகிறது. காய்ச்சல் என்றால் டெங்குவாகவும் இருக்கலாம், எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், வெறும் தடிமனாகவும் இருக்கலாம் அல்லவா? இதுவும் அப்படித்தான். ஆகவே முதலில் திகதிக் கணக்கைச் சரிபார்த்துவிட்டு, அப்புறம் காரணங்களுக்குப் போவோம்.

பத்து மாதமா, நாற்பது வாரமா?

‘பத்து மாதம் சுமந்தவள்’ என்று தமிழில் சொல்கிறோம். அந்தக் கணக்கில் பிழையில்லை. நான்கு வாரத்தை ஒரு மாதமாக வைத்தால் பத்து மாதம் என்பது 280 நாள், அதாவது 40 வாரம். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கிளினிக்கில் எண்ணுவதும் அதே 40 வாரம்தான். கலண்டர் மாதத்தில் எண்ணினால் மட்டும் அது ஒன்பது மாதமும் ஒரு வாரமுமாகச் சுருங்கிவிடும். எனவே ஒரு வீட்டில் ‘எட்டாம் மாதம்’ என்பதும் பக்கத்து வீட்டில் ‘எட்டாம் மாதம்’ என்பதும் மூன்று வாரம்வரை தள்ளி நிற்கலாம். வைத்தியர்கள் மாதத்தை விட்டுவிட்டு வாரத்தில் பேசுவது இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 37 வாரம் நிறைவதற்கு முன் உயிருடன் பிறக்கும் குழந்தை குறைமாதக் குழந்தை. அதற்குள் மூன்று படிகள் உண்டு:

1. 28 வாரத்துக்கு முன் பிறப்பவை.
2. 28 வாரம் முடிந்து 32 வாரம் நிறையுமுன் பிறப்பவை.
3. 32 வாரம் முடிந்து 37 வாரம் நிறையுமுன் பிறப்பவை. குறைமாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை இந்தப் படியில்தான் வருகின்றன.

கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு இலாபம். 32 வாரக் குழந்தை 28 வாரக் குழந்தையைவிடப் பிழைக்கும் வாய்ப்பு எப்போதும் கூடியது. ‘எட்டாம் மாதப் பிள்ளை தங்காது’ என்பது எங்களுடைய நம்பிக்கை மட்டுமல்ல, பழைய கிரேக்க வைத்தியத்திலும் இருந்தது. இவ்வளவு தூரம் பயணம் செய்த ஒரு பிழையைக் காண்பது அரிது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே பிரித்து வைப்பது நல்லது. நிறை குறைந்த குழந்தை வேறு, குறைமாதக் குழந்தை வேறு. 2,500 கிராமுக்குக் குறைவாக இருந்தால் நிறை குறைவு. மாதம் நிறைந்தும் வயிற்றுக்குள் போதிய வளர்ச்சியில்லாமல் 2,300 கிராமில் பிறக்கலாம். 35 வாரத்தில் பிறந்து 2,600 கிராம் இருக்கலாம். தெற்காசியாவில் முதல் வகை அதிகம். இரண்டுக்கும் காரணங்கள் ஓரளவு பொதுவானவை என்றாலும் சிகிச்சையும் தடுக்கும் வழியும் வேறு. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் இல்லாவிட்டால் எது எதுவென்று பிறகு உறுதியாகச் சொல்வது கடினம். மாதவிடாய்த் திகதி சரியாக நினைவில்லாத தாய்க்கு, அந்த ஒரு ஸ்கேனில்தான் முழுக் கணக்கும் நிற்கிறது.

2020இல் உலகில் சுமார் 1 கோடி 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. பத்தில் ஒன்று. 2010இலும் ஏறக்குறைய அதே விகிதம்தான். பத்து வருடத்தில் ஆராய்ச்சி எவ்வளவோ நடந்தும் விகிதம் அசையவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி.

குழந்தை முந்தி வரும் மூன்று வழிகள்

கோல்டன்பேர்க் குழுவினர் 2008இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதிய ஆய்வுத் தொகுப்பு இதை மூன்றாகப் பிரித்தது. இன்றும் அந்தப் பிரிப்புத்தான் அடிப்படை.

1. வைத்தியர்கள் முடிவெடுத்துப் பிறக்கவைப்பது: 30 முதல் 35 சதவீதம். தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போகத் தொடங்கும் முன்சூல்வலிப்பு. வயிற்றுக்குள் குழந்தை வளராமல் நிற்பது. நஞ்சுக்கொடி முந்திக் கழன்று இரத்தம் போவது. இங்கே முந்திப் பிறப்பதே சிகிச்சை. ‘அவசரப்பட்டு வெட்டிவிட்டார்கள்’ என்று வைத்தியர்மேல் வரும் கோபம் பல வேளைகளில் இந்த வகையில்தான் கிளம்புகிறது. முன்சூல்வலிப்புக்கு முடிவு நஞ்சுக்கொடி வெளியே வருவதுதான் என்பது தெரிந்தால் அந்தக் கோபம் கொஞ்சம் தணியும்.

2. வலி தொடங்கும் முன்பே பன்னீர்க்குடம் உடைவது: 25 முதல் 30 சதவீதம்.

3. குடம் உடையாமலே வலி தானாகத் தொடங்குவது: 40 முதல் 45 சதவீதம். ஆராய்ச்சியாளர்களுக்குத் தலையிடி தருவது இந்த வகைதான்.

வலி ஏன் தானாகத் தொடங்குகிறது?

கருப்பை ஒரு தசைப்பை. ஒன்பது மாதமும் அது சுருங்காமல் அடங்கியிருக்க வேண்டும், கருப்பைக் கழுத்து இறுகி மூடியிருக்க வேண்டும், பனிக்குடச் சவ்வு கிழியாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றில் எது தளர்ந்தாலும் மற்ற இரண்டும் பின்னாலேயே வரும். அதனால்தான் முடிவில் எல்லாருக்கும் ஒரே காட்சி தெரிகிறது; தொடக்கம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. இதுவரை ஓரளவு உறுதியான தொடக்கங்கள் இவை:

1. யோனி வழியாக மேலேறும் கிருமிகள் சவ்வையும் பனிநீரையும் எட்டுவதும், அதற்கு உடல் காட்டும் அழற்சியும். மிக முந்திப் பிறக்கும் குழந்தைகளில் இதன் பங்கு கூட.
2. கருப்பையின் உட்சுவரில் கசியும் இரத்தம். இரத்தம் உறையும்போது உண்டாகும் பொருளே தசையைச் சுருங்கத் தூண்டும்.
3. அளவுக்கு மீறிய விரிவு. இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் 37 வாரத்துக்கு முன் பிறப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.
4. கருப்பைக் கழுத்தின் பலவீனம். பிறவியாக இருக்கலாம், முன்பு செய்த சத்திரசிகிச்சையால் வந்திருக்கலாம்.
5. நஞ்சுக்கொடி சுரக்கும் ஒருவகை அழுத்த ஹோர்மோன். 1995இல் அவுஸ்திரேலியாவில் ரோஜர் ஸ்மித் குழுவினர், பின்னால் முந்திப் பிரசவித்த பெண்களின் இரத்தத்தில் இந்த ஹோர்மோன் கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே கூடியிருந்ததைக் கண்டார்கள். ‘நஞ்சுக்கொடிக் கடிகாரம்’ என்ற பெயர் அங்கிருந்து வந்தது. பிரசவத் திகதி கடைசி வாரத்தில் முடிவாவதில்லை, நான்காம் ஐந்தாம் மாதத்திலேயே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது என்ற எண்ணம்.

பட்டியல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2016இல் ஐந்து நாடுகளில் 41 இலட்சம் ஒற்றைக் குழந்தைப் பிரசவங்களை வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று, தெரிந்த ஆபத்துக் காரணிகள் அனைத்தையும் கணக்கில் எடுத்தும் குறைமாதப் பிரசவங்களில் ஏறத்தாழ 65 சதவீதத்துக்கு உயிரியல் விளக்கம் கிடைக்கவில்லை என்றது. படிக்கட்டில் ஏறிய கணக்கை வைத்து ஒரு தாயைக் குற்றஞ்சாட்டும் மாமியாருக்கு இந்த ஒரு எண் போதும்.

ஏன் இவ்வளவு கடினம்? ஒரு காரணம் ஆடு. பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்பதைப் பற்றிய பழைய அறிவின் பெரும்பகுதி செம்மறியாட்டில் இருந்து வந்தது. ஆட்டில் குட்டியின் உடலில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் ஏறும், கர்ப்பத்தைத் தாங்கி நிற்கும் புரொஜெஸ்டரோன் என்ற ஹோர்மோன் தாயின் இரத்தத்தில் விழும், வலி வரும். தெளிவான சங்கிலி. மனிதப் பெண்ணில் புரொஜெஸ்டரோன் அளவு பிரசவம்வரை உயர்ந்தே நிற்கிறது. ஆட்டில் கற்ற பாடத்தை நேராகப் பெண்ணில் பொருத்த முடியவில்லை. அப்புறம், கர்ப்பிணியின் கருப்பைக்குள் ஊசி விட்டுப் பார்த்து ஆராய யாரும் அனுமதிக்கமாட்டார்கள்; அனுமதிக்கவும் கூடாது.

சேர்ந்து வருவதும் காரணமாவதும்

மழை நாளில் குடைகள் அதிகம் தெரியும். குடைகளைப் பறித்துவிட்டால் மழை நிற்காது. குறைமாதப் பிரசவ ஆய்வுகளில் இந்தப் பாடம் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது.

பல் ஈறு நோயுள்ள பெண்களுக்குக் குறைமாதப் பிரசவம் அதிகம் என்று கண்டார்கள். சரி, ஈற்றுக்கு வைத்தியம் செய்தால்? 2006இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய பரிசோதனையில் ஈறு நன்றாகியது, பிரசவத் திகதி மாறவில்லை. கிருமி காரணமென்றால் நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கலாமே என்று தோன்றும். பிரித்தானியாவில் நடந்த ‘ஒராக்கிள்’ ஆய்வு 2001இல் வெளிவந்தது. பன்னீர்க்குடம் உடையாமல் வலி மட்டும் வந்தவர்களுக்கு அந்த மருந்துகளால் பலனில்லை. ஏழு வருடம் கழித்து அந்தக் குழந்தைகளைத் திரும்பப் பார்த்தபோது, மருந்து பெற்ற தாய்மாரின் பிள்ளைகளில் மூளை வாதம் சற்று அதிகமாக இருந்தது. ‘எதற்கும் ஒரு அன்ரிபயோட்டிக் போட்டுவைப்போம்’ என்ற பழக்கத்துக்கு விழுந்த அடி அது. ஆனால் குடம் உடைந்தவர்களுக்கு, அதே மருந்துகளில் ஒன்றான எரித்ரோமைசின் உதவியது. ஒரே மருந்து, வேறு வாசல், வேறு முடிவு.

முழு ஓய்வும் இதே கதைதான். ‘கட்டிலைவிட்டு இறங்காதே’ என்ற ஆலோசனை குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அசையாமல் கிடப்பதால் காலில் இரத்தம் உறையும் ஆபத்துத்தான் கூடுகிறது.

ஒரு ஊசியின் ஏற்ற இறக்கம்

அமெரிக்கச் செய்தி இதுதான். புரொஜெஸ்டரோனின் செயற்கை உறவான ஒரு ஊசியை, முன்பு குறைமாதத்தில் பெற்ற பெண்களுக்கு வாராவாரம் போட்டுப் பார்த்தார்கள். 2003இல் வெளிவந்த முடிவு கண்ணைக் கவர்ந்தது: ஊசி பெற்றவர்களில் 36 சதவீதம் பேரும், போலி ஊசி பெற்றவர்களில் 55 சதவீதம் பேரும் 37 வாரத்துக்கு முன் பிரசவித்தார்கள். 2011இல் ‘மக்கேனா’ என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. நிபந்தனை ஒன்று: இன்னொரு ஆய்வு செய்து உறுதிப்படுத்த வேண்டும். சுமார் 1,700 பெண்கள் பங்குகொண்ட அந்த இரண்டாம் ஆய்வில், 35 வாரத்துக்கு முன் பிரசவித்தவர்கள் இரு பக்கமும் 11 சதவீதத்தை ஒட்டியே நின்றார்கள். 2023 ஏப்ரலில் அனுமதி திரும்பப் பெறப்பட்டது.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. சமத்துவமின்மை பற்றிய பேச்சுக்கு அதுதான் வாசல். முதல் ஆய்வில் பாதிக்கு மேல் கறுப்பினப் பெண்கள். இரண்டாவதில் பெரும்பாலானோர் ரஷ்யா, உக்ரேன் பெண்கள். பொதுவாக ஆபத்துக் குறைந்தவர்கள். ‘கறுப்பினப் பெண்களுக்காவது மருந்தை விட்டுவையுங்கள்’ என்று நிறுவனத் தரப்பு வாதாடியது. எந்தப் பிரிவினருக்கும் பலன் செய்கிறது என்பதற்குச் சான்றில்லை என்று ஒழுங்குபடுத்தும் அமைப்பு மறுத்தது. ஒரு கூட்டத்தாரின் துன்பத்தை மருந்தை விற்பதற்கான வாதமாக்கியது என் பார்வையில் கசப்பான விடயம்.

கொழும்பு வாசகருக்கு முக்கியமான வரி இது: திரும்பப் பெறப்பட்டது அந்த ஊசி மட்டும். ஸ்கேனில் கருப்பைக் கழுத்து 25 மில்லிமீற்றருக்குக் குறைவாகத் தெரிந்தவர்களுக்கு யோனிவழி வைக்கும் புரொஜெஸ்டரோன் வேறு பொருள்; அதற்குச் சான்று இருக்கிறது. பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக வைத்தியர் தந்ததை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

இரத்தத்தில் இருக்கிறதா, வாழ்வில் இருக்கிறதா?

அமெரிக்காவில் 2022இல் கறுப்பினத் தாய்மாரில் குறைமாதப் பிரசவம் 14.6 சதவீதம், வெள்ளையினத் தாய்மாரில் 9.4. ‘அது அவர்களின் பரம்பரை’ என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். அந்தச் சுலபத்தை உடைத்தது ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் கொலின்ஸ் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு. அவர்கள் பார்த்தது வாரத்தை அல்ல, நிறையை; ஆனால் கேள்வி அதே பரம்பரைக் கேள்விதான். இலினோய் மாநிலத்தின் பிறப்புப் பதிவுகளை எடுத்து மூன்று வகைத் தாய்மாரின் குழந்தைகளுடைய சராசரி நிறையை ஒப்பிட்டார்கள்:

1. அமெரிக்காவில் பிறந்த வெள்ளையினப் பெண்கள்: 3,446 கிராம்.
2. ஆபிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த கறுப்பினப் பெண்கள்: 3,333 கிராம்.
3. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்கள்: 3,089 கிராம்.

பரம்பரைதான் காரணமென்றால் கலப்பில்லாத ஆபிரிக்க வம்சத்தவரான இரண்டாம் வகையினரின் குழந்தைகள் எல்லாரிலும் நிறை குறைந்திருக்க வேண்டும். அவை வெள்ளையினக் குழந்தைகளோடு ஒட்டி நிற்கின்றன. 2002இல் அதே குழு அடுத்த தலைமுறையைப் பார்த்தது. அமெரிக்காவில் வளர்ந்த மகள்களுக்குப் பிறந்த குழந்தைகளில் அந்த அனுகூலம் தேயத் தொடங்கியிருந்தது. ஒரு நாட்டில் ஒருத்தி எப்படி நடத்தப்பட்டு வளர்கிறாள் என்பது அவள் பெறும் பிள்ளையின் நிறையில் தெரிகிறது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. 2017இல் 43,568 பெண்களின் தரவை வைத்து நடந்த ஆய்வு, கர்ப்ப காலத்தின் நீளத்தோடு தொடர்புள்ள சில மரபணு இடங்களைக் கண்டுபிடித்தது. அதிலொன்று உடல் செலனியம் என்ற தாதுப்பொருளைப் பயன்படுத்தும் விதத்தோடு சம்பந்தப்பட்டது. ஆனால் அந்த 43,568 பேரும் ஐரோப்பிய வம்சத்தவர். உலகில் குறைமாதப் பிரசவங்களில் மூன்றில் இரண்டு பங்கு தெற்காசியாவிலும் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவிலும் நடக்கிறது. ஆய்வுக்கூடத்தின் குருதிப் புட்டி மட்டும் வேறு கண்டத்தில் நிரம்புகிறது.

சூழலின் பங்குக்கு நல்ல சான்று ஒன்று சுங்கச்சாவடியில் கிடைத்தது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் நெடுஞ்சாலைச் சாவடிகளில் வாகனங்கள் நின்று காசு கட்டுவதை விட்டு மின்னணு முறைக்கு மாறினார்கள். புகை குறைந்தது. சாவடிக்கு 2 கிலோமீற்றருக்குள் இருந்த தாய்மாரிடையே குறைமாதப் பிரசவம், சற்றுத் தள்ளி இருந்தவர்களோடு ஒப்பிடும்போது 10 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாகக் கரி, வோக்கர் என்ற இரு பொருளியலாளர்கள் 2011இல் காட்டினார்கள். யாரும் மருந்து சாப்பிடவில்லை. பேஸ்லைன் வீதியையொட்டி வீடு இருப்பவர்கள் இதை இரண்டு தரம் வாசிக்கலாம்.

வெயிலும் பொய்யில்லை. 27 நாடுகளின் 70 ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டு அறிக்கை, வெப்பநிலை 1 பாகை ஏறும்போது குறைமாதப் பிரசவ வாய்ப்பு சுமார் 5 சதவீதமும், வெப்ப அலை நாட்களில் 16 சதவீதமும் கூடுவதாகச் சொன்னது. தனி ஒருத்திக்கு இது சிறிய ஏற்றம். தகரக் கூரையின்கீழ் விசிறிகூட இல்லாமல் படுக்கும் ஆயிரக்கணக்கானோருக்குச் சேர்த்துப் பார்த்தால் சிறியதில்லை.

இலங்கையின் இடைவெளி: இரண்டு ‘தோட்டங்கள்’

இலங்கை இந்த விடயத்தில் தலைகுனியத் தேவையில்லாத நாடு. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் தொடர்ச்சியாக, வீட்டுப் படலைவரை வரும் குடும்ப நல உத்தியோகத்தர் இருக்கிறார். நாங்கள் ‘மிட்வைஃப்’ என்று கூப்பிடுபவர்தான். பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் வைத்தியசாலையிலேயே நடக்கின்றன. பக்கத்து நாடுகள் பார்த்துப் படிக்கும் அமைப்பு இது.

ஆனால் சராசரி என்பது ஒரு போர்வை. நாட்டின் குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு மக்களை நகரம், கிராமம், தோட்டம் (தேயிலை, இறப்பர்த் தோட்டக் குடியிருப்புகள்) என்று மூன்றாகப் பிரிக்கிறது. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டளவில் 17 சதவீதம். தோட்டத் துறையில் 32 சதவீதம். நிறை குறைந்து பிறக்கும் குழந்தைகளும் அங்கேதான் அதிகம். இது எப்படிப் பிரசவத்தோடு சேர்கிறது? இன்று உயரம் குன்றி வளரும் சிறுமிதான் இருபது வருடத்துக்குப் பின் கர்ப்பிணி. குட்டையான, நிறை குறைந்த, இரத்தச்சோகையுள்ள தாய்க்குச் சிறிய குழந்தையும் முந்திய பிரசவமும் வரும் வாய்ப்புக் கூடுதல். கிளினிக்கில் தரும் திரிபோஷா என்ற சத்துமாவும் இரும்புச்சத்து மாத்திரையும் உதவும். ஆனால் அவை ஒன்பது மாதத்துக்குள் செய்யும் வேலை. கடன் இருபது வருடத்துக்கு முந்தியது. 2022 நெருக்கடியில் அந்தத் திரிபோஷாவும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அப்போது வயிற்றிலிருந்த, கைக்குழந்தையாக இருந்த பெண்பிள்ளைகளின் கணக்கு 2040களில்தான் வரும்.

கொழும்பில் ‘தோட்டம்’ என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் ஒரு கழிவறையைப் பல வீடுகள் பகிரும் நெருக்கமான குடியிருப்புகளையும் தோட்டம் என்றுதான் சொல்கிறோம். மலையகத்திலிருந்து கடைவேலைக்கும் வீட்டுவேலைக்கும் வந்து இந்தத் தோட்டங்களில் தங்கிய பெண்ணுக்கு முதலாம் தோட்டத்தின் உடலும் இரண்டாம் தோட்டத்தின் வெக்கையும் சேர்ந்தே கிடைக்கின்றன. வாடகை அறை மாறினால் மிட்வைஃபின் பதிவில் பெயர் பின்தங்கிவிடும். நின்றபடி வேலை, லீவு கேட்டால் சம்பளம் வெட்டு, ஆகவே முதல் கிளினிக் நான்காம் ஐந்தாம் மாதத்தில். அதற்குள் திகதியைச் சரிபார்க்கும் ஸ்கேனின் காலம் போய்விடும்.

மொழியையும் சொல்லவேண்டும். சிங்களத்தில் வேகமாகச் சொல்லப்பட்ட ஆலோசனைக்குத் தலையாட்டிவிட்டு வெளியே வந்து, ‘என்ன சொன்னார்கள்?’ என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்கும் தாய்மாரை இந்த நகரத்தில் காண்பது கடினமில்லை. கால் வீக்கம், தலையிடி, கண் மங்கல் என்பவை ஆபத்துக் குறிகள் என்று அவளுக்கு விளங்கும் மொழியில் சொல்லப்படாவிட்டால், சொன்னதாகப் பதிவேட்டில் இருப்பதால் என்ன?

வசதி இருந்தாலும்

இதை ஏழைகளின் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் நியாயம் செய்ததாகாது. குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவை வைத்தால் இரட்டைப் பிள்ளை வாய்ப்பு ஏறும், அதோடு குறைமாத வாய்ப்பும் ஏறும். ‘ஒரே செலவில் இரண்டு’ என்று சந்தோஷப்படுபவர்கள் குறைமாதக் குழந்தைப் பிரிவின் கட்டணச் சீட்டைப் பார்த்ததில்லை.

அப்புறம் நட்சத்திரம். சிசேரியன் திகதியைச் சாத்திரியாரிடம் குறித்து வாங்குவது எங்களிடையே சாதாரணம். 39 வாரத்துக்குப் பின் நேரம் பார்த்தால் யாருக்கும் நட்டமில்லை. நல்ல நாள் 37இல் விழுகிறது என்பதற்காக முன்னே தள்ளினால், திகதிக் கணக்கில் ஒரு வாரப் பிழை இருந்தாலே அது குறைமாதப் பிரசவம். நல்ல நேரத்தில் பிறந்த பிள்ளை மூச்சிழுக்கச் சிரமப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்.

எதற்குச் சான்று இருக்கிறது?

அஸ்பிரின் பற்றி லண்டன் மச்சாள் சொன்னது சரி. முன்சூல்வலிப்பு ஆபத்துள்ளவர்களுக்குக் குறைந்த அளவு அஸ்பிரின் பல நாடுகளில் வழக்கம். 2020இல் வெளிவந்த ஆய்வொன்றில் இந்தியா, பாகிஸ்தான் உட்பட ஆறு நாடுகளில் முதல் பிள்ளை பெறப்போகும் சுமார் 12,000 பெண்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்திலிருந்தே 81 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள்; குறைமாதப் பிரசவம் 13.1இலிருந்து 11.6 சதவீதமாகக் குறைந்தது. மாயமில்லை, ஆனால் மலிவான மாத்திரைக்கு நல்ல பலன். தானாக வாங்கிப் போடாமல், முதல் கிளினிக்கிலேயே ‘எனக்கு இது தேவையா?’ என்று கேட்க வேண்டிய மருந்து. பிந்திக் கேட்டால் பிரயோசனம் குறைவு.

பிரசவத்தைத் தடுக்க முடியாவிட்டாலும் குழந்தையைக் காப்பாற்ற முடியும் என்பதுதான் இத்துறையின் உண்மையான வெற்றி. நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹௌவி இருவரும் 1972இல் காட்டியது: பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் முந்தி முதிர்கிறது. தொடக்கம் அதே செம்மறியாடுதான். இந்தமுறை ஆடு ஏமாற்றவில்லை. ஊசி முழுமையாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும். பன்னீர் கசிந்தால், இரத்தம் பட்டால், வயிறு விட்டுவிட்டு இறுகினால் ‘விடியட்டும் பார்ப்போம்’ என்று படுக்கும் அந்த எட்டு மணித்தியாலம் ஊசியின் நேரத்திலிருந்து கழிகிறது.

பிறந்த பின் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்து வைக்கும் கங்காரு முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் கண்ணாடிப் பெட்டிகள் போதாமல் தொடங்கியது. 2021இல் வெளிவந்த ஆய்வு, குழந்தையின் உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் உடனே அப்படி வைத்தால் இறப்பு 25 சதவீதம் குறைவதைக் காட்டியது. ஏழைத்தனத்தில் பிறந்த வழி பணக்கார நாடுகளுக்கும் போயிருக்கிறது.

இனி, ஒருமுறை குறைமாதத்தில் பெற்றவர்கள் செய்யக்கூடியது. அடுத்த கர்ப்பத்தில் வைத்தியருக்கு மிகவும் பயன்படும் தகவல், முந்திய பிரசவம் எப்படித் தொடங்கியது என்பதுதான். வீட்டுக்குப் போகும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் மூன்று விடயங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு எழுதுவியுங்கள்:

1. எத்தனை வாரம், எத்தனை நாள். ‘எட்டாம் மாதம்’ போதாது.
2. முதலில் வந்தது வலியா, பன்னீரா, இரத்தமா, அல்லது பிரஷர் ஏறி வைத்தியர்கள் எடுத்த முடிவா.
3. ஸ்கேனில் கருப்பைக் கழுத்தின் நீளம் அளந்திருந்தால் அந்த அளவும், குழந்தையின் பிறப்பு நிறையும்.

அந்தக் கார்ட் கிளினிக் கொப்பியோடு சேர்ந்து இருக்கட்டும். அடுத்தமுறை மாதவிடாய் தள்ளியதும், முதல் கிளினிக்குக்கு அதையும் கையோடு கொண்டு போங்கள்.